அமலேக்கை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு, ஒரு பழைய ஏற்பாட்டு ஆசிரியரின் பதில்

"வேதத்தை மட்டும் நடத்துங்க ஐயா, அரசியல் நமக்கு எதுக்கு?" என்று சபைப் பெரியவர்கள் சிலர் என்னிடம் அன்போடுதான் சொல்கிறார்கள். கல்லூரி வட்டாரத்தில் இதையே கொஞ்சம் மெருகேற்றி, ஆய்வாளன் நடுநிலையில் நிற்க வேண்டும் என்பார்கள். பெங்களூரில் இறையியல் மாணவர்களுக்கு எபிரேயமும் பழைய ஏற்பாடும் கற்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. இந்த இரண்டு அறிவுரைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் நடத்தும் புத்தகமே அதற்கு இடம் கொடுப்பதில்லை.

தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். சுற்றியுள்ள நாடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு அவர் நிறுத்துகிறார். காசா ஒரு ஜனத்தையே சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றது. அம்மோனியர் தங்கள் எல்லையை விரிவாக்குவதற்காகக் கீலேயாத்தின் கர்ப்பிணிகளைக் கீறினார்கள். மோவாப், ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்வரை சுட்டது. இந்தக் கடைசிக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவன் இஸ்ரவேலன் அல்ல, யூதா நாட்டானும் அல்ல. இரண்டு அந்நிய நாடுகளுக்கு நடுவே நடந்த கொடுமை. அதற்கும் கடவுள் கணக்குக் கேட்கிறார். அப்புறம் ஆமோஸ் யூதாவுக்கு வந்து, கடைசியில் இஸ்ரவேலிடமே திரும்புகிறார். அங்கேதான் குற்றப்பட்டியல் மிக நீளம். ஏழாம் அதிகாரத்தில் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா அவரை விரட்டுகிறான். இது ராஜாவின் ஆலயம், இங்கே பேசாதே, யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்கிறான். ஆலயத்தில் அரசியல் வேண்டாம் என்ற அறிவுரை ஆமோஸ் புத்தகத்தில் அவன் வாயிலிருந்துதான் வருகிறது.

இப்போது அமலேக்கு, எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை வழியில் தாக்கியதாகப் பழைய ஏற்பாடு சொல்லும் ஜனம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. ஏறக்குறைய 250 பேரைப் பிணையாகக் கொண்டுபோனது. அது கொடூரம். எந்த வரலாற்றைக் காட்டியும் அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அக்டோபர் 28 அன்று, தரைப்படை காசாவுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரத்தில், இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, அமலேக்கு உங்களுக்குச் செய்ததை நினையுங்கள் என்று பரிசுத்த வேதம் சொல்வதாகப் பேசினார். உபாகமம் 25:17. டிசம்பர் இறுதியில் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அந்தப் பேச்சும், ஆணையும் பெண்ணையும் கைக்குழந்தையையும் கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15:3உம் சேர்ந்தே இடம்பெற்றன. பிரதமர் ஹமாஸைத்தான் குறிப்பிட்டார் என்று அவரது அலுவலகம் விளக்கம் தந்தது. 2024 ஜனவரி 26 அன்று நீதிமன்றம், இனப்படுகொலை உடன்படிக்கை தடைசெய்யும் செயல்கள் நடக்காமல் தடுக்கும்படி இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. அது இறுதித் தீர்ப்பு அல்ல. காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் 2025 ஜூலை முடிவதற்குள் இறந்தவர்கள் 60,000 பேரைத் தாண்டிவிட்டார்கள்.

நான் வகுப்பில் நடத்தும் வசனம் ஹேக் நகரில் ஒரு வழக்குக் கட்டில் இருக்கிறது. அந்த வசனத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டால் வேறு யார் பேசுவது?

தமிழ்ச் சபைகளிலும் இது நுழைந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பிரசங்கத் துண்டுகளில் காசா ஜனம் முழுவதுமே அமலேக்கு ஆகிவிட்டது. அப்படிப் பிரசங்கிக்கிற ஊழியர்களைக் கேட்கிறேன், 15ஆம் அதிகாரத்தோடு ஏன் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள்? அமலேக்கியர் எல்லாரையும் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் சங்காரம் பண்ணினதாக 15:8 சொல்கிறது. 27ஆம் அதிகாரத்தில் அமலேக்கியர் மறுபடியும் இருக்கிறார்கள். தாவீது போய் ஆணையும் பெண்ணையும் உயிரோடு விடாமல் வெட்டுகிறான். 30ஆம் அதிகாரத்தில் அதே அமலேக்கியர் தாவீது தங்கியிருந்த சிக்லாகைக் கொளுத்திப் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துப்போகிறார்கள். ஆனால் ஒருவரையும் கொல்லவில்லை என்று இரண்டாம் வசனம் குறித்து வைக்கிறது. அதை எழுதியவர் வேண்டுமென்றேதான் எழுதினார் என்று நான் நம்புகிறேன். அதே அதிகாரத்தில், நோயாளி என்று அமலேக்கிய எஜமான் கைவிட்டுப்போன ஒரு எகிப்திய அடிமையைத் தாவீதின் ஆட்கள் வயல்வெளியில் கண்டெடுத்து, அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் கொடுத்து உயிர்பிழைக்க வைக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் அமலேக்கின் கதை.

யூத ரபீக்களும் இந்த அதிகாரத்தை நிம்மதியாகக் கடந்துபோகவில்லை. ரபீக்களின் விவாதத் தொகுப்பான தல்மூதின் யோமா பகுதியில் சவுல் கடவுளோடு வாதாடுகிறான்: பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றால் சிறுவர்கள் என்ன செய்தார்கள், மனிதன் பாவம் செய்தால் மிருகம் என்ன செய்தது? மிஞ்சின நீதிமானாக இராதே என்று வானத்திலிருந்து ஒரு குரல் அவனை அடக்குகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை ரபீக்கள் அழிக்காமல் விட்டுவைத்தார்கள். இன்னோர் இடத்தில், அமலேக்கிய ராஜா ஆகாகின் வழிவந்தவனும் எஸ்தர் புத்தகத்தில் யூதரை அழிக்கப் பார்த்தவனுமான ஆமானின் சந்ததியார் தோராவைக் கற்பித்தார்கள் என்று எழுதி வைத்தார்கள். 1689இல் நியூ இங்கிலாந்தின் காட்டன் மாதர் என்ற போதகர் அமெரிக்கப் பூர்வகுடிகளை அமலேக்கு என்று சொல்லிப் போர்வீரர்களுக்குப் பிரசங்கித்தார். நம் பிரசங்கிகள் அந்த ரபீக்களைப் படித்ததில்லை. மாதரின் பேரைக்கூடக் கேட்டிராமல் அவர் வழியில்தான் போகிறார்கள்.

"அப்படியே நடந்ததா சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு இருக்கிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டு. நேபோவில் 7,000 பேரைக் கொன்று தன் தெய்வத்துக்குப் படைத்ததாகவும், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றும் அவன் பீற்றிக்கொள்கிறான். இஸ்ரவேல் அழியவில்லை. எரிகோவில் 1952 முதல் 1958 வரை தோண்டிய தொல்லியலாளர் கேத்லீன் கென்யனுக்கு, யோசுவாவின் காலத்தில் விழுந்ததாகச் சொல்லப்படும் மதில் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாரையும் அழித்தோம் என்பது வெற்றிபெற்ற ராஜாக்கள் அந்தக் காலத்தில் பேசிய விதம். இதைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நடக்காததைக்கூடக் கட்டளையாகப் படிக்கிறவன் கையில் அது ஆயுதம்தான்.

இன்றைய இஸ்ரேல் அரசைத் தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று நம் சபைகள் படிப்பதற்குக் காரணம், நாம் நினைப்பதுபோல அப்போஸ்தலர் காலத்துப் போதகம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த, வேத வரலாற்றைத் தனித்தனிக் காலங்களாகப் பிரித்துப் படிக்கும் காலப் பாகுபாடும், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகளும் மிஷனரிகள் வழியாகவும் கூட்டப் பிரசங்கிகள் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தன. இன்று பலருக்கு அந்த அடிக்குறிப்பே வசனம் மாதிரி. 2023 அக்டோபர் 19 அன்று காசாவின் புனித போர்பீரியஸ் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் குண்டுவீச்சில் செத்தார்கள். அந்த ஞாயிறு நம் எத்தனை ஆலயங்களில் அவர்களுக்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டது?

இனி என் துறையைப் பற்றி. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் படிக்கிற எவரும் ஜெர்மானியப் பேராசிரியர் கெர்ஹார்ட் கிட்டல் தொடங்கிய பெரிய அகராதியைத் தொடாமல் இருக்க முடியாது. அந்தக் கிட்டல் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அறிவார்ந்த மொழியில் யூதருக்கு எதிராக எழுதினார். வால்டர் கிருண்ட்மன் என்ற புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர், 1939இல் ஐசனாகில் யூதச் சாயலைக் கிறிஸ்தவத்திலிருந்து துடைத்தெடுப்பதற்கென்றே தொடங்கிய ஒரு நிறுவனத்தை நடத்தினார். இயேசுவே யூதர் அல்ல என்று வாதாடினார். அவர் வேலை பார்த்த அதே யேனா பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் ஃபான் ராட், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களை வைத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்து நடத்தினார். ஒரே கட்டடம், ஒரே எபிரேயம், ஒரே கிரேக்கம்.

அதனால்தான் சொல்கிறேன், காசாவுக்காகப் பேசுகிறோம் என்று யூதர்மேல் வெறுப்பைக் கக்குகிறவர்களோடு நான் ஒரு மேடையிலும் ஏற மாட்டேன். அந்த வெறுப்புக்குக் கல்விமுலாம் பூசித் தந்தது என் துறை. அதேபோல, அந்தப் பழைய குற்றவுணர்வைக் காட்டி இன்று பேசாதே என்பவர்களுக்கும் நான் அடங்க மாட்டேன். ஐரோப்பியப் பேராசிரியர்கள் செய்த பாவத்துக்குக் காசாவின் கான் யூனிஸில் ஒரு குழந்தை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இங்குள்ள பழைய தமிழ்ச் சபைகள் பல கன்டோன்மென்டில் பிறந்தவை. பிரிட்டிஷ் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தங்கி ஆலயம் கட்டினார்கள். இன்ஃபன்ட்ரி ரோட்டையும் பிரிகேட் ரோட்டையும் ஜனங்கள் இன்றும் அதே பேரில்தான் சொல்கிறார்கள். முதல் உலகப் போரில் ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்கள் மெசபொத்தேமியாவில் போரிட்டார்கள். சங்கீதக்காரன் அழுத பாபிலோன் தேசத்து ஆறுகளை நம் ஊர்ப் பிள்ளைகள் துப்பாக்கியோடு பார்த்திருக்கிறார்கள். இன்றும் எங்கள் ஆராதனையில் எம்.இ.ஜி. என்ற அந்தச் சாப்பர் படையின் குடும்பங்களும் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஊழியர்களும் உட்கார்ந்திருப்பார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நாட்களில், தொலைக்காட்சியைப் பார்த்து ஆர்ப்பரித்தவர்கள் வேறு யாரோ. எல்லையில் மகனை வைத்திருந்த அம்மாக்கள் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேசாமல் ஆலயத்துக்கு வந்துபோனார்கள்.

வகுப்பறைக்கும் போர் வந்துவிட்டது. 2023 மே 3க்குப் பிறகு மணிப்பூரில் குக்கி கிறிஸ்தவர்களின் ஆலயங்களும் மெய்தெய் கிறிஸ்தவர்களின் ஆலயங்களும் எரிந்தன. அங்கிருந்து வந்த ஒரு மாணவனிடம் யோசுவா எட்டாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன், ஆயி பட்டணம் எரிகிற பகுதி. புகை வானத்தில் எழும்பினதைச் சொல்லும் வசனம் வந்ததும் நிறுத்திவிட்டான். "இதுக்கு மேல வேண்டாம் சார்" என்றான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அன்று மீதி நேரம் முழுவதும், ஆயி பட்டணத்தார் பக்கத்திலிருந்து அந்த அதிகாரத்தைப் படித்தோம். இப்படிப் படிப்பதை அரசியல் என்று சொல்வீர்களானால், சரி, அரசியல்தான்.

எனக்கு மிகவும் வேண்டிய பகுதி 2 சாமுவேல் 21. மூன்று வருஷம் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழி என்று தாவீதுக்குச் சொல்லப்படுகிறது. கிபியோனியர் சவுல் வீட்டில் ஏழு ஆண்களைக் கேட்கிறார்கள். ராஜா எடுத்துக் கொடுக்கிறான். கர்த்தருடைய சமுகத்தில் என்று சொல்லியே மலையின்மேல் அவர்களைத் தூக்கிலிடுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் இரட்டுத் துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கி மழை பெய்கிறவரை, பகலில் பறவையையும் இரவில் காட்டு மிருகத்தையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. தன் பிள்ளைகளை மட்டுமல்ல, ஏழு பேரையும் காத்தாள். ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. செய்தி தாவீதின் காதுக்கு எட்டிய பிறகுதான் அவன் எழுந்துபோய்ச் சவுல், யோனத்தானின் எலும்புகளை வாங்கிவந்து, இந்த ஏழு பேரின் எலும்புகளையும் சேர்க்கச் சொல்லி, அடக்கம் பண்ண வைக்கிறான். தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் எப்போது கேட்டார்? ஏழு பேரைத் தூக்கிலிட்டபோது அல்ல. இந்த அடக்கத்துக்குப் பிறகு என்கிறது 14ஆம் வசனம். கடவுள் பலி கேட்டதாக ராஜாவும் கிபியோனியரும் நினைத்தார்கள். அந்த நினைப்பை ஒரு தாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே உடைத்துப்போட்டாள்.

தமிழராய்ப் பிறந்தவர் இந்த அதிகாரத்தைப் படிக்கும்போது கிளிநொச்சியை நினைக்காமல் இருக்க முடியுமா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அந்த அம்மாக்கள் 2017 பெப்ரவரி 20 அன்று சாலையோரம் உட்கார்ந்தார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஏறக்குறைய எட்டு வருடம் ஆகியிருந்தது. பதில் கிடைக்காமலே பலர் இறந்தும் போனார்கள். அவர்களுக்கு அடக்கம் பண்ண எலும்புகூடக் கொடுக்கப்படவில்லை. 2009இல் அவர்களுக்காகக் கண்ணீர்விட்ட நம் சபைகளுக்கு, காசாவின் இடிபாடுகளில் பிள்ளையைத் தோண்டுகிற தாய் மட்டும் எப்படி அமலேக்கு ஆனாள்?

இஸ்ரவேலுக்காக ஜெபிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிணையாகப் போனவர்களின் பெற்றோருக்காக ஜெபியுங்கள். காசாவின் பெற்றோரையும், கிளிநொச்சி அம்மாக்களையும், மணிப்பூரில் வீடிழந்தவர்களையும் அதே ஜெபத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு பரிந்துபேசும் ஜெபத்தில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குகிற போதக ஐயர்மார் என்னைக் கூப்பிடுங்கள். லிங்கராஜபுரமோ அல்சூரோ, எந்தச் சபை என்றாலும் நானே வந்து உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.