டபுள்ஸ் ஆடுகிற பெண்

போன வாரம் அண்ணன் மகளைக் கூட்டி வர ஷட்டில் அகாடமிக்குப் போயிருந்தேன். பதிமூன்று வயது. கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிங்கிள்ஸுக்கு உயரம் பத்தாது சார், டபுள்ஸ்ல போட்டுப் பார்க்கலாம்" என்றார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். ஆனாலும் அந்தப் "போட்டுப் பார்க்கலாம்" எனக்கு உறுத்தியது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் காதோடு கேட்டாள்: "சித்தப்பா, சிங்கிள்ஸ் வராதவங்கதான் டபுள்ஸ் ஆடுவாங்களா?"

அன்றைக்கு ராத்திரி அவளிடம் இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரர் அஸ்வினி பொன்னப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குப் பேரே தெரியவில்லை. சாய்னாவைத் தெரியும், சிந்துவைத் தெரியும். ஷட்டில் ஆடுகிற பிள்ளைக்கே தெரியவில்லை என்றால் தப்பு அவள் மேல் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஜுவாலா குட்டாவும் அஸ்வினியும் பெண்கள் டபுள்ஸில் தங்கம் வாங்கினார்கள். இந்தியாவுக்கு அந்தப் பிரிவில் அதுதான் முதல் தங்கம். அஸ்வினிக்கு அப்போது வயது 21. அடுத்த வருடம் லண்டனில் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 1983ல் பிரகாஷ் படுகோன் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு, 28 வருடம் கழித்து இந்தியாவுக்கு அங்கே கிடைத்த பதக்கம் அது. உலக சாம்பியன்ஷிப்பில் சாய்னா, சிந்து வாங்கிய பதக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. டபுள்ஸ் ஆடிய இரண்டு பெண்கள்தான் கதவைத் திறந்தார்கள்.

அப்புறம் 2012 ஒலிம்பிக்ஸ். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. குரூப்பில் மூன்று ஆட்டம். ஜப்பான் ஜோடியிடம் தோல்வி. அடுத்து தாய்வான் ஜோடியை மூன்று கேம் போராடி 25-23, 16-21, 21-18 என்று ஜெயித்தார்கள். சிங்கப்பூரையும் ஜெயித்தார்கள். இந்தியா, ஜப்பான், தாய்வான் மூன்று பேருக்கும் இரண்டிரண்டு வெற்றி. கணக்குப் பார்த்தபோது புள்ளி வித்தியாசத்தில் ஜப்பான் ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்றது. இவர்கள் வெளியே. தாய்வானிடம் ஜப்பான் தோற்ற ஆட்டம் நேர்மையாக ஆடப்பட்டதா என்று இந்தியத் தரப்பு கேள்வி எழுப்பியது, எடுபடவில்லை. அதே நாட்களில் வேறு குரூப்களில் வேண்டுமென்றே தோற்கப் பார்த்ததாக நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. உலகமே அதைப் பற்றித்தான் பேசியது. நேர்மையாக ஆடி ஒரு புள்ளியில் போன இவர்களை யார் பேசினார்கள்? அந்த ஜப்பான் ஜோடி கடைசியில் வெள்ளியோடு ஊர் திரும்பியது.

இதற்கப்புறம்தான் டபுள்ஸ் வாழ்க்கையின் நிஜமான கஷ்டம் தொடங்குகிறது. சிங்கிள்ஸ் ஆடுகிறவருக்குத் தரவரிசை அவருடைய சொத்து. டபுள்ஸில் அது ஜோடியின் பேரில் இருக்கிறது. பார்ட்னர் காயப்பட்டால், ஓய்வு பெற்றால், கொஞ்ச நாள் ஒதுங்கினால், மாடிப்படி ஏறினவர் மறுபடியும் வாசலில் நிற்க வேண்டியதுதான். லண்டனுக்குப் பிறகு ஜுவாலா கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். அஸ்வினி பிரத்னியா காட்ரேயோடு ஆடினார். ஜுவாலா திரும்பி வந்ததும் மீண்டும் சேர்ந்து 2014 காமன்வெல்த்தில் வெள்ளி, 2015ல் கனடா ஓபன். 2016 ரியோவில் மூன்று ஆட்டமும் தோல்வி. பிறகு சிக்கி ரெட்டி. அவரோடு 2018 காமன்வெல்த்தில் வெண்கலம். அதே போட்டியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்த இந்திய அணிக்கும் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போக முடியவில்லை.

2023 தொடக்கத்தில், 33 வயதில், தனிஷா கிராஸ்டோவோடு சேர்ந்தார். தனிஷா 2003ல் பிறந்தவர். ஒலிம்பிக்ஸ் ஆடிய, உலகப் பதக்கம் வாங்கிய ஒருவர் அந்தச் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நான்ட், அபுதாபி, குவாஹாட்டி என்று கீழ்நிலைப் போட்டிகளாக ஏறி இறங்கினார். மூன்றையும் ஜெயித்தார்கள். அப்படிச் சேர்த்த புள்ளிகளில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போனார்கள். எனக்கு அவருடைய டெல்லி தங்கத்தைவிட இந்த ஒன்றரை வருடம்தான் பெரிது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக டூர் போட்டிகளின் பரிசுப் பங்கீட்டில் சிங்கிள்ஸ் ஜெயித்தவருக்கு மொத்தத் தொகையில் 7.5 சதவீதம். டபுள்ஸ் ஜெயித்த ஜோடிக்கு 7.9 சதவீதம், அதை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு லட்சம் டாலர் போட்டி என்றால் சிங்கிள்ஸுக்கு 7,500, டபுள்ஸில் ஆளுக்கு 3,950. விமான டிக்கெட் விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? பாரிஸ் முடிந்ததும் அஸ்வினியே வெளிப்படையாகச் சொன்னார், தனக்கென்று பயிற்சியாளர் கேட்டும் கிடைக்கவில்லை, 2023 நவம்பர் வரை போட்டிகளுக்குத் தன் ஏற்பாட்டில்தான் போனதாக. ஒலிம்பிக்ஸ் தகுதிக்கான ஓட்டத்தில் பாதி வழி அது. படித்தபோது கோபம்தான் வந்தது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ராத்திரி பாப்பாவுக்கு ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். "ஷட்டிலைப் பார்க்காதே, அஸ்வினியோட காலை மட்டும் பாரு" என்றேன். ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்து அஸ்வினி ஸ்மாஷ் அடிக்கிறார். பெண்கள் டபுள்ஸில் அவர் அடிக்கு இருந்த மரியாதை சும்மா வந்ததில்லை. அடித்த கால் தரையில் படும்போதே பார்ட்னர் நெட்டில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, மிச்சமிருக்கிற இடத்துக்கு நகர்ந்தாகிவிட்டது. ஷட்டிலைத் தூக்கிக் கொடுக்க வேண்டி வந்தால் அதே நொடியில் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பிரிகிறார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சர்வ் போடுமுன் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் காட்டியதைப் பாப்பாதான் முதலில் கண்டுபிடித்தாள். "இது ரகசியமா சித்தப்பா?" என்று அதை மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாள்.

உயரம் பத்தாதவர்களை ஒதுக்கி வைக்கிற இடமா இது? இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிய வேண்டும். அவருடைய தப்புக்கும் சேர்த்து ஓட வேண்டும், ஓடிவிட்டு முகம் சுளிக்காமல் கையைத் தட்டிக் கொடுக்க வேண்டும். மலேசியத் தமிழ்ப் பெண் தீனா முரளிதரன் பேர்லி டானோடு சேர்ந்து பாரிஸ் ஒலிம்பிக்ஸ் அரையிறுதி வரை போனார், 2025ல் உலக சாம்பியன்ஷிப் வெள்ளியும் வாங்கினார். நம் ஊரில் எத்தனை அகாடமிகளில் அந்தப் பெண்ணின் படம் மாட்டியிருக்கிறது?

பாரிஸில் அஸ்வினியும் தனிஷாவும் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். கடைசி ஆட்டம் ஆஸ்திரேலிய ஜோடியோடு, 2024 ஜூலை 30. இதுதான் தன் கடைசி ஒலிம்பிக்ஸ் என்று அஸ்வினி கண் கலங்கச் சொன்னார். அப்போதும் தனிஷாவுக்கு இன்னும் நிறைய காலம் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்ல மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற தனிஷாவுக்கு 21 வயது. டெல்லியில் தங்கம் வாங்கியபோது அஸ்வினிக்கு இருந்த அதே வயது.

பாப்பா நேற்று ஒரு பார்ட்னரைப் பிடித்துவிட்டாள். எட்டாவது படிக்கிற பெண், இடது கைக்காரி. இரண்டு பேரும் விரல் சைகைக்குத் தனியாக ஒரு நோட்டு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் காட்ட மாட்டார்களாம்.