வட்டத்தில் நான்காவது பெட்டி

பொதுக்கொள்கை பற்றிக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு அந்த வட்டப்படம் நினைவிருக்கும். பிரச்சினை நிகழ்ச்சி நிரலுக்கு வருகிறது, தீர்வுகள் வகுக்கப்படுகின்றன, ஒன்று ஏற்கப்படுகிறது, செயலாக்கப்படுகிறது, மதிப்பிடப்படுகிறது. அப்புறம் அம்புக்குறி முதல் பெட்டிக்கே திரும்புகிறது. தேர்வுக்காக நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்று ஒரு பெரிய மனக்குறை உண்டு. எல்லா முடிவும் எடுத்தாயிற்று, இனி மிச்சமிருப்பது கைவேலைதான் என்பது போலச் செயலாக்கத்தை நான்காவது பெட்டியில் அடைத்துவிடுகிறது.

கொள்கை உருவாவதை இப்படிக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர்களில் முன்னோடி அமெரிக்க அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல். 1956இல் அவர் சொன்னவை ஏழு கட்டங்கள். ஒரு கொள்கையை முடித்துவைப்பதையும் அதில் தனிக் கட்டமாக வைத்திருந்தார். பிற்காலத்துப் படங்கள் பலவற்றில் அது காணாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

எல்லா வழிகளையும் எடைபோட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பகுத்தறிவு மாதிரியை ஹெர்பர்ட் சைமன் கேள்வி கேட்டார். மனிதருக்கு நேரமும் தகவலும் கணக்குப் போடும் திறனும் அளவோடுதான் இருக்கின்றன. அதனால் போதுமானது என்று தோன்றும் வழியோடு நின்றுவிடுகிறார்கள் என்றார். 1959இல் சார்லஸ் லிண்ட்புளோம், அரசுகள் பெரும்பாலும் பழையதில் சிறு சிறு மாற்றங்கள் செய்தே நகர்கின்றன என்று எழுதினார். பிரச்சினை, தீர்வு, அரசியல் சூழல் என்ற மூன்று ஓடைகளும் ஒன்றுசேரும்போதுதான் கொள்கை மாறுவதற்கான ஒரு சன்னல் திறக்கிறது என்பது ஜான் கிங்டன் 1984இல் சொன்னது. எல்லாமே அருமையான சிந்தனைகள். ஆனால் இவற்றின் கவனமெல்லாம் முடிவு எடுக்கப்படும் இடத்தில்தான் இருக்கிறது.

முடிவுக்குப் பிறகு நடப்பதை உலுக்கிக் காட்டியது ஓக்லாந்து கதை. 1966இல் அமெரிக்க நடுவண் அரசு அந்த நகரத்தில் ஏறத்தாழ 3,000 வேலைகளை உருவாக்க 2 கோடியே 30 இலட்சம் டாலர் ஒதுக்கியது. பணம் இருந்தது, எதிர்ப்பும் பெரிதாக இல்லை. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அதில் சிறு பகுதிதான் செலவாகியிருந்தது. கிடைத்த வேலைகள் மிகச் சொற்பம். இதை ஆராய்ந்து 1973இல் எழுதிய ஜெஃப்ரி பிரெஸ்மனும் ஏரன் வில்டாவ்ஸ்கியும், வழியில் எத்தனை ஒப்புதல்கள் தேவைப்பட்டன என்று எண்ணினார்கள். எழுபது! நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஒப்புதலும் கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்றால், எழுபதும் கிடைக்கும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 99 விழுக்காடு என்று தாராளமாக வைத்தாலும் பாதியைத் தொடாது. யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, திட்டம் தானாகவே செத்துப்போகும்.

சரி, எழுபதையும் தாண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடைசியில் ஒரு கவுண்டர் இருக்கிறதே. என் உறவினர் ஒருவரின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறேன். இரண்டு ஆவணங்களில் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. முதல் வாரம் இருந்தவர், சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் அதே இருக்கையில் இருந்த வேறொருவர் ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு முத்திரை குத்திவிட்டார். விதி ஒன்றேதான். இந்த இருவரில் யார் செய்தது அரசின் கொள்கை?

மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் சொன்ன பதில், இருவர் செய்ததும்தான். ஆசிரியர், காவலர், நலத்திட்ட ஊழியர் என்று மக்களை நேரில் சந்திப்பவர்கள், குறைந்த நேரத்தையும் நீளமான வரிசையையும் வைத்துக்கொண்டு அன்றாடம் எடுக்கும் முடிவுகள் ஒன்றுசேர்ந்துதான் மக்கள் அனுபவிக்கும் கொள்கையாகின்றன. முதல் வாரம் திருப்பி அனுப்பியவர் மேல் எனக்கு இருந்த கோபம் இதைப் படித்த பிறகு குறைந்தது. அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் அப்போது என் கண்ணில் படவில்லை.

அதனால் ஒரு திட்டத்தின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது நோக்கங்கள் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும்? ஒரு ஊழியருக்கு ஒரு நாளில் எத்தனை விண்ணப்பங்கள் வரும்? பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அவர் என்ன செய்யலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் வரைவில் விடை இல்லையென்றால், அதையே என் கருத்தாக எழுதி அனுப்புகிறேன்.