பாதுகாப்பு அப்டேட்டுக்கும் நெட்வொர்க் நிறுவனத்தின் அனுமதி எதற்கு?

ஒரே மாடல், ஒரே கம்பெனி தயாரித்த ஃபோன். தனியாகக் கடையில் வாங்கியவருக்கு அப்டேட் வந்துவிடுகிறது, நெட்வொர்க் நிறுவனத்திடம் தவணையில் வாங்கியவருக்கு வருவதில்லை. எப்போது வரும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ரொம்ப நாளாக இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

புது ஐகான், புது எமோஜி, மாறிய லாக் ஸ்க்ரீன், இதெல்லாம் எப்போது வந்தாலும் எனக்குக் கவலை இல்லை. நான் பேசுவது, திருடர்கள் ஃபோனுக்குள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் பற்றி மட்டும். ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஃபோனைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி போட்டிருக்கும். என் ஃபோனில் அது பல மாதம் பழைய தேதி. ஆனால் அதே ஃபோனில் அப்டேட் இருக்கிறதா என்று தேடச் சொன்னால், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறது. அது பொய். அப்டேட் தயாராகி, இதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது. எங்களுக்கு இன்னும் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான் விஷயம். நெட்வொர்க் நிறுவனத்தின் உதவி மையத்தைக் கேட்டால் ஃபோன் தயாரித்தவர்களிடம் கேளுங்கள் என்கிறார்கள், அவர்களைக் கேட்டால் உங்கள் நெட்வொர்க் இன்னும் ஒப்புதல் தரவில்லை என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர்கூட ஒரு தேதி சொல்வதில்லை.

அப்டேட் வரும் வழி நீளமானது, அது எனக்கும் தெரியும். கூகுள் கொடுப்பதைச் சிப் தயாரிப்பவர்கள் தங்கள் சிப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், ஃபோன் கம்பெனி அதைத் தன் மென்பொருளோடு சேர்க்க வேண்டும், அப்புறம்தான் நெட்வொர்க் நிறுவனத்தின் சோதனை. அந்தச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 4ஜி வழியாகப் பேசும் அழைப்பு, வைஃபை அழைப்பு, ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அவசர எண்ணுக்குப் போகும் அழைப்பு, இதெல்லாம் அப்டேட்டுக்குப் பிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும். 2014 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1 ஐபோன் 6 வாங்கிய பலருக்குச் சிக்னலையே காணாமல் அடித்தது, ஒரு மணி நேரம் போலத்தான் இருந்தது, திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, பயம் நியாயமானதுதான். அதே சமயம் ஆப்பிள் அடுத்த நாளே 8.0.2 கொடுத்துச் சரிசெய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் கேள்வி வேறு. ரேடியோவை, அதாவது டவரோடு பேசும் பகுதியை, தொடவே தொடாத ஒரு திருத்தம் ஏன் ரேடியோ சோதனைக்காகக் காத்திருக்க வேண்டும்? கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையில் 2016 ஜூலையிலிருந்து இரண்டு தேதிகளாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. 01 என்று முடியும் தேதி ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதிகளுக்கான திருத்தங்கள், 05 என்று முடியும் தேதி அவற்றோடு கெர்னல் (ஆண்ட்ராய்டின் அடித்தள நிரல்), சிப், மோடம் (ரேடியோவை இயக்கும் பாகம்) போன்றவற்றின் திருத்தங்களும் சேர்ந்தது. பிரிவினையை அவர்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மோடத்தைத் தொடுவதை நெட்வொர்க் நிறுவனம் சோதிக்கட்டும், மற்றது நேராக ஃபோனுக்கு வரட்டும். முடியாத காரியமும் இல்லை. 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோதே, ஆடியோ வீடியோவைத் திறக்கும் கோடெக் போன்ற சில பாகங்களைப் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கும் ஏற்பாட்டை மெயின்லைன் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டார்கள், அதற்கு எந்த நெட்வொர்க்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் அதில் அடங்குவது சில பாகங்கள் மட்டுமே, மீதியெல்லாம் பழைய வரிசையில்தான் நிற்கிறது.

தாமதமானால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு பாதுகாப்பு அறிக்கையும் எந்தப் பாகத்தில் ஓட்டை, அது எவ்வளவு ஆபத்தானது என்று உலகத்துக்கே சொல்கிறது. திருத்தத்தின் நிரலும் வெளியே வந்துவிட்டால் அதைப் படித்து, ஓட்டை எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பது விஷயம் தெரிந்த ஒருவனுக்குப் பெரிய வேலை இல்லை. அதாவது, திருத்தம் வெளியான நாளிலிருந்து திருத்தப்படாத ஃபோன் முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. இதில் இன்னொன்று, அறிக்கை பொதுவெளிக்கு வருவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஃபோன் கம்பெனிகளுக்கு விவரம் போய்விடுகிறது. ஒரு மாதம் கையில் கொடுத்த பிறகும் நாம் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

மாதாந்திர அறிக்கை என்ற ஏற்பாடு வந்த கதையே இதுதான். 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது, நம் எண் தெரிந்தால் போதும், ஒரு எம்எம்எஸ் அனுப்பியே ஃபோனுக்குள் நுழைய வாய்ப்பிருந்தது. தனக்குத் தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் கூகுள் தன் நிரலில் திருத்தத்தைச் சேர்த்துவிட்டது. ஃபோன்களுக்கு அது வந்து சேர்ந்த வேகம் வேறு கதை.

எங்கே நிற்கிறது என்று சொல்வதாவது முடியுமா என்றால், அதுவும் முன்பே நடந்திருக்கிறது. 2011-ல் விண்டோஸ் ஃபோனுக்கு முதல் அப்டேட்கள் இழுத்தடித்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு அட்டவணை போட்டது. எந்த நாடு, எந்த நெட்வொர்க், எந்த ஃபோன், சோதனையில் இருக்கிறதா, தேதி குறிக்கப்படுகிறதா, அனுப்பப்படுகிறதா, எல்லாம் ஒரே பக்கத்தில். அதனால் அப்டேட் வேகமாக வந்துவிடவில்லைதான், ஆனால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்றாவது தெரிந்தது. அதே ஆண்டு கூகுளும் பெரிய ஃபோன் கம்பெனிகளும் நெட்வொர்க் நிறுவனங்களும் சேர்ந்து, புது ஃபோன்களுக்கு 18 மாதம் அப்டேட் தருவோம் என்று மேடையில் அறிவித்தார்கள். அந்தக் கூட்டணி சத்தமில்லாமல் காணாமல் போனது. வாக்குறுதியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, சட்டம்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அப்படி ஒன்று அமலில் இருக்கிறது: பாதுகாப்பு அப்டேட் வெளியான 4 மாதத்துக்குள் அது ஃபோனுக்குக் கிடைக்க வேண்டும். 4 மாதம் என்பது என் கணக்கில் ரொம்ப அதிகம். இருந்தாலும் கேள்வி கேட்க ஒரு தேதி இருக்கிறதே.

தனியாக ஃபோன் வாங்கு, பிரச்சினையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். எல்லோராலும் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் எடுத்துவைக்க முடியாது. தவணையில் வாங்குபவருக்கு நெட்வொர்க் நிறுவனம்தான் வழி, அவருடைய வங்கிக் கணக்கும் குழந்தையின் புகைப்படமும் அதே ஃபோனில்தான் இருக்கிறது. மாதாமாதம் தவணை கட்டத் தவறினால் அவருக்கு அபராதம் உண்டு. மாதாமாதம் வர வேண்டிய பாதுகாப்பைத் தராத நிறுவனத்துக்கு என்ன உண்டு?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏசிஎல்யூ என்ற உரிமை அமைப்பு அங்கிருந்த நான்கு பெரிய நெட்வொர்க் நிறுவனங்கள் மீதும் இதற்காகவே மத்திய வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. திருத்தப்படாத ஓட்டை இருப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள், அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலக விடுங்கள், இல்லையென்றால் ஃபோனை மாற்றிக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இத்தனை வருஷம் கழித்து நான் கேட்பது அதைவிட ஒரு அடிதான் அதிகம். அப்டேட்டை நிறுத்திவைக்கும் உரிமை வேண்டுமென்றால், நிறுத்திவைத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எங்கள் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள்.