ஜேன் அயரைப் படமாக்குகிறவர்கள் செயின்ட் ஜானை வெட்டக் கூடாது

சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) 38 அத்தியாயங்கள் கொண்ட நாவல். இரண்டு மணி நேரப் படத்துக்கு, பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் திரைக்கதை 120 பக்கம்தான். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். பலருக்கும் முதலில் கை போகும் இடம் 28 முதல் 35 வரையுள்ள அத்தியாயங்கள். ஆசிரியையாக வேலை பார்த்த தோர்ன்ஃபீல்டு மாளிகையை விட்டு ஓடிய ஜேன், மூர் ஹவுஸில் இளம் பாதிரியார் செயின்ட் ஜான் ரிவர்ஸின் குடும்பத்தோடு தங்கும் பகுதி அது. ஜேன் காதலிக்கும் எஜமானர் ரோசெஸ்டர் இல்லை, அவர் மேல்மாடியில் அடைத்துவைத்திருக்கும் மனநிலை பிறழ்ந்த மனைவியின் சிரிப்பு இல்லை, அதனால் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அங்கேதான் காதல் கதையின் உயிரே இருக்கிறது. ரோசெஸ்டர் கொடுப்பது திருமணமாக முடியாத காதல். செயின்ட் ஜான் கொடுப்பது காதல் இல்லாத திருமணம். மிஷனரியாக இந்தியா போகும் அவன், மனைவியாக வா என்கிறான். அதற்காக அவளை இந்துஸ்தானி படிக்க வைக்கிறான். தங்கையாக வருகிறேன் என்கிறாள் ஜேன், அவன் ஒப்புவதில்லை. அவள் கிட்டத்தட்ட இணங்கிப்போகும் நேரத்தில்தான் எங்கோ தொலைவிலிருந்து ரோசெஸ்டரின் குரல் கேட்கிறது. செயின்ட் ஜானை எடுத்துவிட்டால் அந்தக் குரல் வெறும் தற்செயல்.

பண விஷயமும் இங்கேதான் வருகிறது. வருடம் 30 பவுண்டு சம்பளத்துக்கு ரோசெஸ்டர் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், சித்தப்பா விட்டுச்சென்ற 20,000 பவுண்டை நான்காகப் பிரித்து ஆளுக்கு 5,000 என்று, தன் உறவினர்கள் எனத் தெரியவந்த செயின்ட் ஜானோடும் அவன் இரண்டு சகோதரிகளோடும் பங்கிடுகிறாள். பிறகு ரோசெஸ்டரிடம் திரும்புகிறவள் யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியவள் அல்ல. இது படத்தில் இல்லையென்றால், போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தவள் மாதிரி ஆகிவிடும்.

ஆர்சன் வெல்ஸ் நடித்த 1943 படத்தில் செயின்ட் ஜான் கிடையாது. ரிவர்ஸ் என்ற பெயரை மட்டும் எடுத்து ஒரு மருத்துவருக்கு வைத்துவிட்டார்கள். 2011இல் மொய்ரா பஃபினி எழுதிய திரைக்கதை இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது. ஜேன் ஓடுவதில் படம் தொடங்கி, மூர் ஹவுஸிலிருந்து பின்னோக்கிப் போகிறது. செயின்ட் ஜான் முதலிலேயே அறிமுகமாகிவிடுவதால் முக்கால் படம் முடிந்தபின் புது ஆளைக் கொண்டுவரும் தொல்லை இல்லை. இதற்கும் விலை உண்டு: பள்ளிக்காலம் துண்டு துண்டாகி, ஜேனின் பள்ளித் தோழி ஹெலன் பர்ன்ஸின் சாவு மனதில் இறங்க நேரம் கிடைப்பதில்லை.

என் கணக்கில் பிள்ளைப் பருவத்துக்கு 15 பக்கம், தோர்ன்ஃபீல்டுக்கு 65, மூர் ஹவுஸுக்கு 25, மீட்சிக்கு 15.

அடுத்த பொறி, பின்னணிக் குரல். நாவலை ஜேனே சொல்வதால் படத்திலும் அவளைப் பேசவிடத் தோன்றும். 20-ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். தோள்பட்டையில் கடிபட்டு ரத்தம் ஒழுகக் கிடக்கிறான் ரோசெஸ்டர் மனைவியின் சகோதரன் மேசன். இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லி, கதவைப் பூட்டிக்கொண்டு டாக்டரை அழைக்கப் போகிறார் ரோசெஸ்டர். ஜேன் ஸ்பாஞ்சை நனைக்கிறாள், துடைக்கிறாள், மறுபடி நனைக்கிறாள். பேசினிலுள்ள தண்ணீர் சிவக்கிறது. மெழுகுவத்தி குறைகிறது. எதிரே அலமாரிக் கதவில் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் முகங்கள். உள்ளறையிலிருந்து நாய் உறுமுவதுபோல ஒரு சத்தம். நாவலாசிரியரே பேச்சைத் தடைசெய்து கொடுத்த காட்சி இது. இதன்மேல் குரல் ஓட்டினால் பயம் அத்தனையும் போய்விடும்.

ரோசெஸ்டர் குறிசொல்லும் கிழவியாக வேடமிட்டு வரும் இடத்தைத் தாராளமாக விடலாம். எழுத்தில் நம்பலாம், திரையில் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஆனால் கடைசியில் அவருடைய இடது கையை விடக் கூடாது. தோர்ன்ஃபீல்டு எரியும் தீவிபத்தில் பார்வையோடு அந்தக் கையும் போகிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு கண்ணில் பார்வை திரும்புகிறது, கை திரும்புவதில்லை. நாயகன் அழகு கெட்டுவிடும் என்று பார்வையை மட்டும் பறித்துவிட்டுக் கையைக் காப்பாற்றுகிற இயக்குநர், பிராண்டி எழுதிய ரோசெஸ்டரைப் படம் பிடிக்கவில்லை.