குறை மட்டும் மக்கள் மேலயா?

கொரோனா ஊரடங்குல கடைகள்ல கூட்டம் சேர்ந்ததுக்கு, "நம்ம ஜனங்களுக்குக் கட்டுப்பாடே கிடையாது"ன்னு இன்னும் எத்தனை வருஷம் சொல்லப் போறீங்க?

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில ஞாயிறு காலை 6 மணியிலிருந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு தமிழக அரசு அறிவிப்பு. நடுவுல இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்னைக்குக் கடைகளுக்கு மதியம் 3 மணி வரை நேரம். லட்சக்கணக்கான குடும்பங்களோட நாலு நாள் அரிசி, பருப்பு, காய்கறியை அந்தச் சில மணி நேரத்துல திணிச்சா கூட்டம் சேராம என்ன செய்யும்? காய்கறிக் கடையில பை மேல பை இடிக்க நின்னாங்க. வீட்ல குழந்தைக்குப் பால் இல்லைன்னா யாரா இருந்தாலும் அப்படித்தான் நிப்பாங்க. வீட்டு வாசலுக்கே காய்கறி வண்டி வரும்னு முதல்ல உறுதியாச் சொல்லி, வண்டியை ஓட்டிக் காட்டிட்டு, அப்புறம் தேதியை அறிவிச்சிருக்கணும்.

கோயம்பேடு சந்தையை மூடினது மே 5. அதுக்குள்ள அங்கிருந்து ஊர் திரும்பினவங்க மூலமா கடலூர், அரியலூர்னு தொற்று போயிடுச்சு. மே 7, சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறப்பு! கோயில் வாசல் பூட்டியிருக்க, சாராயக் கடைக்குத் தடுப்புக் கட்டை கட்டி வரிசை. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொல்லுச்சு. இதைப் பார்த்த பிறகு, முகக்கவசம் போடலைன்னா 200 ரூபாய் அபராதம்னு சொன்னப்போ, அது நோய்க்காகன்னு யார் நம்பியிருப்பா?