சைல்ட்ஸுக்கு மூச்சு வரலையாம்!

யாராவது 'தி திங்' படத்தோட பேரை எடுத்தா போதும், உடனே ஒரு தம்ப்நெயில் வந்து நிக்குது. சைல்ட்ஸா நடிச்ச கீத் டேவிட் மூஞ்சி, வாயைச் சுத்தி சிவப்பு வட்டம், ஒரு மஞ்சள் அம்புக்குறி, கீழே "40 வருஷ மர்மம் உடைந்தது". ஏங்க, எத்தனை தடவைதான் உடைப்பீங்க? உடைஞ்சது உடைஞ்சதாவே இருக்கக் கூடாதா?

படம் பார்க்காதவங்க இங்கேயே எறங்கிக்கோங்க, இனிமே முழுக்க ஸ்பாய்லர். ஜான் கார்ப்பென்டர் எடுத்த படம், 1982 ஜூன் 25 அன்னைக்கு ரிலீஸ். அண்டார்டிகாவுல ஒரு ஆராய்ச்சி முகாம். எந்த உயிரையும் அப்படியே நகலெடுக்கிற ஒரு வேற்றுக்கிரக ஜந்து உள்ள பூந்துடுது. கடைசியில முகாம் எரியுது, மேக்ரெடியும் சைல்ட்ஸும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேர்ல யாராவது அந்த ஜந்துவா? படம் சொல்லாம முடிஞ்சிடுது. கேள்வி அவ்வளவுதான்.

இதுக்கு ஊரெல்லாம் சுத்துற பெரிய கண்டுபிடிப்பு: மேக்ரெடி பேசும்போது வாயிலிருந்து புகை வருது, சைல்ட்ஸ் பேசும்போது வரலை, அதனால சைல்ட்ஸ் மனுஷன் இல்ல.

சாமி, முதல்ல அந்தக் காட்சியை ஒழுங்கான பிரின்ட்ல பாருங்க. சைல்ட்ஸ் வாயிலிருந்தும் புகை வருது. கம்மியாத் தெரியுது, ஆனா இருக்கு. ஏன் கம்மியாத் தெரியுதுன்னு கேட்டா அதுக்கு ஜந்து தேவையில்ல, லைட் எங்க இருக்குன்னு பார்த்தாலே போதும். குளிர்ல நாம விடுற மூச்சுல தெரியிறது குட்டிக் குட்டி நீர்த்துளி. அந்த அளவு துளி தன் மேல விழுற வெளிச்சத்துல பெரும்பகுதியை முன்னாடி பக்கமாத்தான் சிதறடிக்கும். அதாவது லைட் ஆளுக்குப் பின்னாடி இருந்து கேமராவைப் பார்த்து வந்தா புகை பளிச்சுனு வெள்ளையாத் தெரியும். அதே லைட்டை கேமரா பக்கத்துலயிருந்து மூஞ்சியில அடிச்சா புகை பாதி காணாமப் போயிடும். வீட்டுலயே பார்க்கலாம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சு, ஒரு தடவை அதுக்குப் பின்னாடி இருந்து டார்ச் அடிங்க, இன்னொரு தடவை உங்க பக்கத்துல இருந்து அடிங்க. ஒரே புகை, ரெண்டு விதமாத் தெரியும். மார்கழி விடிகாலையில எதிர்ல வர்ற பைக் ஹெட்லைட்டுக்கு முன்னாடி நின்னு பேசுறவன் வாயில மட்டும் புகை கொட்டுறதும் இதே கதைதான். பேக்லைட் மேக்ரெடிக்கு விழுந்திருக்கிற அளவுக்கு சைல்ட்ஸுக்கு விழல. அம்புட்டுதான் சமாச்சாரம்!

சரி, அதையும் விடுங்க. படத்துக்குள்ளேயே பதில் கிடக்குது. முகாம் ஆள்ல ஒருத்தன் பென்னிங்ஸ், அவனை ஜந்து பிடிச்ச பிறகு, கை சரியா உருவாகாத நிலையில வெளியே பனியில மண்டி போட்டு ஊளையிடுவான் பாருங்க, அந்தக் குலை நடுங்குற ஊளை. அப்போ அவன் வாயிலிருந்து புகை வருது. அவன் நூத்துக்கு நூறு ஜந்துன்னு படமே காட்டிடுச்சு. ஜந்துவுக்கு மூச்சுப்புகை வராதுன்னா பென்னிங்ஸ் வாயில வந்தது என்ன, சாம்பிராணியா? ஒரு விதி சொன்னா அது படத்துல இருக்கிற எல்லாருக்கும் பொருந்தணும்ல. ஒருத்தனுக்கு மட்டும் பொருந்துற விதியைத் தூக்கிக்கிட்டு வந்து "கன்ஃபர்ம்டு"ன்னு போடுறவங்களை என்னத்தச் சொல்ல.

அடுத்தது பாட்டில். மேக்ரெடி கையில இருக்கிற விஸ்கி பாட்டில்ல உண்மையில பெட்ரோல் இருந்துச்சாம். சைல்ட்ஸ் அதை வாங்கி மூஞ்சி சுளிக்காமக் குடிச்சிட்டானாம். ஜந்துவுக்கு ருசி தெரியாதுன்னு கண்டுபிடிச்சு மேக்ரெடி சிரிக்கிறானாம். கேட்க ஜோராத்தான் இருக்கு. இதை முதல் தடவை கேட்டவங்க வாயைப் பொளக்கிறதுல தப்பே இல்ல.

ஆனா கொஞ்சம் நிதானமா யோசிங்க. இந்த ஜந்து எந்த அளவுக்கு நகலெடுக்கும்? முகாம்ல இன்னொருத்தன் நாரிஸ், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு விழுறான். அப்போ அவன் ஏற்கெனவே ஜந்துதான். டாக்டர் காப்பர் ஷாக் குடுக்கப் போனா நெஞ்சுக்கூடு வாய் மாதிரிப் பொளந்து அவர் ரெண்டு கையையும் கடிச்சுத் துண்டாக்கிடுது. அதாவது நெஞ்சு வலி வரைக்கும் நகல்! அடுத்த நிமிஷம் நாரிஸோட தலை சிலந்திக் காலோட நடந்து போறதைப் பார்த்து, நம்ம எல்லார் மனசுலயும் வர்ற வசனத்தைச் சொல்றது யாரு? கூட இருக்கிற பாமர். அந்த நேரத்துல பாமரும் ஜந்துதான்னு பிறகு ரத்தப் பரிசோதனையில தெரியுது. தன் இனத்தைப் பார்த்தே மனுஷன் மாதிரி அதிர்ச்சியைக் காட்டுது, திட்டுது. அப்படிப்பட்ட ஜந்து ஒரு வாய் பெட்ரோலுக்கு இருமத் தெரியாம மாட்டிக்குமாம். தொண்டையையும் நரம்பையும் அப்படியே எடுத்தவனுக்கு குமட்டல் மட்டும் வராதாம். பெட்ரோல் வாசனை எட்டடி தள்ளியே மூக்கைத் துளைக்கும்ங்கிறது இன்னொரு பக்கம். வாய்கிட்ட கொண்டு போறப்பவே சைல்ட்ஸுக்குத் தெரிஞ்சிருக்கும், மனுஷனா இருந்தாலும் சரி, நகலா இருந்தாலும் சரி.

கண்ணுல ஒளிப் புள்ளி தெரிஞ்சா மனுஷன், இல்லாட்டி ஜந்துன்னு ஒண்ணு இருக்கு. இதை மட்டும் நான் ஒரேயடியாத் தூக்கிப் போட மாட்டேன். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி தானே பேட்டியில, மனுஷங்க கண்ணுல ஒரு மினுக்கு தெரியிற மாதிரி நுணுக்கமா லைட் வச்சதைப் பத்திச் சொல்லியிருக்கார். எடுத்தவர் வாயிலிருந்தே வந்த பேச்சு. ஆனா நம்மாளுங்க அதை வச்சு என்ன பண்றாங்க? படம் முழுக்க ஓட்டி, எங்கெல்லாம் கண்ணு இருட்டா இருக்கோ அங்கெல்லாம் பாஸ் பண்ணி "இவனும் ஜந்து"ங்கிறாங்க. கண்ணுல தெரியிற புள்ளிங்கிறது விளக்கோட பிரதிபலிப்பு. தலையைக் கொஞ்சம் குனிஞ்சா புருவ நிழல்ல அது போயிடும். பனிக்கோட்டுத் தொப்பியை இழுத்து விட்டாப் போயிடும். விளக்கு இருக்கிற திசைக்குப் பக்கவாட்டுல திரும்பினாலும் போயிடும். இந்தக் கணக்குப்படி பார்த்தா படத்துல பாதிப் பேர் ஷாட்டுக்கு ஷாட் ஜந்துவா மாறி மாறி வரணும்.

கம்மல் தியரிக்கு ரெண்டு வரி போதும். ஜந்துவால உலோகத்தை நகலெடுக்க முடியாது, கடைசிக் காட்சியில சைல்ட்ஸ் காதுல கம்மல் இருக்கு, அதனால அவன் மனுஷன். இந்த விதி வந்தது 2011-ல எடுத்த முன்கதைப் படத்துல. 29 வருஷம் கழிச்சு வேற டைரக்டர் போட்ட சட்டத்தை வச்சு கார்ப்பென்டர் படத்துக்குத் தீர்ப்பு எழுதுறீங்க. சரி, சட்டத்தை ஒத்துக்கிட்டாலும் கழண்டு விழுந்த கம்மலை எடுத்து மறுபடி மாட்டிக்க முடியாதா என்ன? சைல்ட்ஸ் கோட்டு நிறம் மாறிடுச்சுங்கிற தியரிக்கு அந்த ரெண்டு வரிகூட வேஸ்ட். ஒரு ஷாட் உள்ள ட்யூப்லைட்ல, இன்னொரு ஷாட் வெளியே தீ வெளிச்சத்துல. ஜவுளிக்கடையில எடுத்த புடவையை வாசல்ல கொண்டு வந்து பார்க்கிற நம்ம ஊருக்கே இது புரியலைன்னா எப்படி?

உண்மையான எரிச்சல் எங்கன்னா, இந்த ஆராய்ச்சி எல்லாம் எதை வச்சு நடக்குதுங்கிறதுதான். படம் அகலத் திரைக்கு எடுத்தது, விகிதம் 2.35-க்கு 1. பழைய டிவிக்கு வெட்டின 4:3 காப்பியில அகலத்துல சுமார் 43 சதவீதம் போயிடும். போன்ல நிமிர்த்திப் பார்க்கிற ரீல்ஸுக்கு வெட்டினா மிஞ்சுறது கால்வாசிதான். அந்தக் கால்வாசியை வச்சுக்கிட்டு "பின்னாடி யாருமே இல்ல பாருங்க"ன்னு சத்தியம் பண்றாங்க. பின்னாடி இருந்தவனை வெட்டினதே நீங்கதானே! அப்புறம் அந்த பிரைட்னஸ் ஏத்துற வேலை. ஸ்ட்ரீமிங் காப்பியில இருட்டுப் பகுதிக்கு டேட்டாவை ரொம்பக் கஞ்சமாத்தான் ஒதுக்குவாங்க, சாதாரணமாப் பார்த்தா கண்ணுக்குத் தெரியாதுன்னு. அதைத் தூக்கி விட்டா கட்டம் கட்டமா உடையும். அந்தக் கட்டத்துல மூஞ்சி தெரியுது, கை தெரியுதுன்னா, சுவத்துக் கறையில சாமி தெரியுதுன்னு கூட்டம் கூடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பார்க்கிறதா இருந்தா ப்ளூரே தரத்துல எடுத்து, பிரைட்னஸைத் தொடாம, அறையை இருட்டாக்கிப் பாருங்க. விஎல்சி பிளேயர்ல 'ஈ' கட்டையை அமுக்கினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒரே ஒரு ஃப்ரேமை மட்டும் பிடிச்சு ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க. மூச்சுப்புகை மாதிரி சமாச்சாரமெல்லாம் பத்துப் பன்னெண்டு ஃப்ரேம் ஓட விட்டாத்தான் அசையிறது கண்ணுக்குத் தெரியும். நிறுத்தி வச்ச படத்துல அது பின்னணியோட கரைஞ்சிடும். "சைல்ட்ஸுக்கு மூச்சு வரலை"ங்கிற பாதிப் பேர் ஆதாரமாக் காட்டுறது இப்படி நிறுத்தி வச்ச ஒரு படத்தைத்தான்.

நாய் நிழல் கதை இன்னும் கொடுமை. படத்தோட ஆரம்பத்துல நாய் உருவத்துல இருக்கிற ஜந்து ஒரு ரூமுக்குள்ள போகும், சுவத்துல ஒரு ஆளோட நிழல் திரும்பும். அது பாமரா, நாரிஸான்னு முடியையும் மூக்கையும் அளந்து கோடு போட்டுக் காட்டுறாங்க. ஐயா, அந்த நிழல் நடிகர்கள்ல யாரோடதும் இல்ல! டிக் வார்லாக்னு ஸ்டண்ட் ஆளை நிக்க வச்சு எடுத்தது. யாருன்னு அடையாளம் தெரியக் கூடாதுன்னே வேற ஆளை நிறுத்தியிருக்காங்க, இவங்க அவர் மூக்கை அளந்துக்கிட்டு இருக்காங்க.

கம்ப்யூட்டர் காட்சியையும் விட்டு வைக்கல. முகாமோட உயிரியல் விஞ்ஞானி பிளேர் முன்னாடி திரையில வர்றது, குழுவுல ஒருத்தரோ அதுக்கு மேலேயோ பாதிக்கப்பட்டிருக்க 75 சதவீதம் வாய்ப்புன்னு. இதை "நாலுல மூணு பேர் ஏற்கெனவே ஜந்து"ன்னு விளக்கம் சொல்றாங்க. வாக்கியத்தைப் படிச்சீங்களா இல்லையா? குறைஞ்சது ஒருத்தராவது இருக்க முக்கால்வாசி வாய்ப்புங்கிறதும் முக்கால்வாசிப் பேர்ங்கிறதும் ஒண்ணா? ஜந்து வெளியே போனா உலகம் முழுக்கப் பாதிக்கப்பட ஆகும்னு அடுத்து வர்ற 27,000 மணி நேரத்தை 24-ஆல வகுத்தா 1,125 நாள், மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அதையும் "சில மாசத்துல உலகம் காலி"ன்னு சொல்றவங்க இருக்காங்க. வகுத்தல்கூடவா வராது?

மேக்ரெடியைக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போய் ரத்தம் சோதிச்சு மனுஷன்னு உறுதி பண்ற மாதிரி ஒரு காட்சி நிஜமாவே எடுத்தாங்க. எடிட்டர் டாட் ராம்சே யோசனையில, பத்திரத்துக்கு எடுத்து வச்சது. படத்துல சேர்க்கல. வேண்டாம்னு ஒதுக்கினதைக் கொண்டு வந்து ஆதாரம்னு காட்டுறதும், சமையல்ல போடாம விட்ட உப்பை ருசி பார்க்கிறதும் ஒண்ணுதான்.

சைல்ட்ஸ் ஜந்துன்னு வாதாட ஆசையா, தாராளமா வாதாடுங்க. ஆனா வேலை செஞ்சுட்டு வாங்க. ரத்தப் பரிசோதனையில சூடு பண்ணின கம்பியை அவன் ரத்தத்துல வச்சப்ப ஒண்ணும் ஆகல. அதனால அதுவரைக்கும் அவன் மனுஷன். பாமரும் நாரிஸும் எரிஞ்சாச்சு, மிச்சம் இருக்கிறது ஜந்துவா மாறின பிளேர் மட்டும். மத்த மூணு பேர் பிளேரைத் தேடிப் போறாங்க, சைல்ட்ஸ் காவலுக்கு நிக்கிறான், பிறகு அவன் வாசல் வழியா வெளியே போறதை அந்த மூணு பேர்ல ஒருத்தன் நால்ஸ் பார்க்கிறான், கரண்ட் போகுது. பிளேர் அவனைப் பிடிச்சிருந்தா இந்த இடைவெளிக்குள்ள பிடிச்சிருக்கணும். அதே பிளேர்தான் பிறகு ஜெனரேட்டர் ரூம்ல முகாம் தலைவர் கேரியைப் பிடிக்குது. பிளேர் எந்த நேரத்துல எங்க இருந்துச்சு, ஜந்து பிடிக்கும்போது கிழியிற துணி எங்க போச்சு, இதுக்கெல்லாம் கணக்கு சொல்லுங்க. இந்தக் கணக்கைப் போட்ட ஒரு தம்ப்நெயிலைக் காட்டுங்க பார்ப்போம்.

இத்தனைக்கும், தோண்டத் தோண்ட வர்ற நிஜ மர்மம் ஒண்ணு நடுப்படத்துல கேட்பாரில்லாமக் கிடக்குது. யார் ஜந்துன்னு சோதிக்க நம்பியிருந்த, ஃப்ரிட்ஜ்ல பூட்டி வச்ச ரத்தப் பைகளை யார் கிழிச்சது? ஃப்ரிட்ஜ் பூட்டு உடைக்கப்படல. சாவி கேரிகிட்டத்தான் இருக்கும், உபயோகிக்கிறது காப்பர். ரெண்டு பேரும் சந்தேகத்துல மாட்டுறாங்க. ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, எரிஞ்ச ஜந்துவோட மிச்சத்தை ரூம்ல வச்சுப் பூட்ட, ரேடியோ ஆபரேட்டர் வின்டோஸ் போய் கேரிகிட்ட சாவி வாங்கிட்டு வர்றான். திரும்பி வந்தா பென்னிங்ஸை ஜந்து சுத்திக்கிட்டு இருக்கு. பயத்துல கையிலிருந்த சாவிக்கொத்தை அப்படியே போட்டுட்டு ஓடுறான். எல்லாரும் பென்னிங்ஸை எரிக்க வெளியே ஓடுறாங்க. சாவி தரையில.

இதைப் பத்திப் படத்துல யாருமே, வின்டோஸ் உட்பட, ஒரு வார்த்தை பேசுறதில்ல. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு அந்தச் சாவி விழுற சத்தத்தைக் கேளுங்க. அங்கிருந்து, ரத்தப் பைகள் கிழிஞ்சிருக்கிறது தெரியிற காட்சி வரைக்கும், யார் யார் எப்போ திரையில இல்லைன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டு வாங்க. சிவப்பு வட்டம் வேணும்னா அந்தப் பேப்பர்ல போடுங்க.