மச்சானையும் பரிசோதியுங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எனக்கு மச்சாள் முறையான ஒருத்தி. கலியாணம் முடித்து 7 வருடம், பிள்ளை இல்லை. குடி என்னும் குலத்தையும் வயிற்றுவார் என்னும் அதன் கிளையையும் தாய்வழியில் எண்ணுகிற மண்ணில் பிள்ளை பெறாதவள் படும் பாட்டை நான் விளக்கத் தேவையில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் மாமாங்கேசுவரர் கோயிலில் தீர்த்தமாடினாள். விரதம், ஸ்கேன், குளிசை, நாட்டு மருந்து எல்லாம் அவளுக்கே. அவள் புருஷனான மச்சானை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயலிலிருந்து வந்து பொழுதுபட்டால் அரைப் போத்தல் சாராயம். 15 வருடப் பழக்கம்.

அவனையும் பரிசோதிக்கச் சொன்னபோது வீடே என்னோடு சண்டைக்கு வந்தது. 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்த்து, சிறு போத்தலொன்றில் விந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசிகூட இல்லை. முடிவு வந்தது: அணுக்கள் குறைவு, இருப்பவற்றிலும் பல அசையவில்லை.

அரைப் போத்தலில் ஏறத்தாழ 100 கிராம் மதுசாரம் இருக்கிறது. அது ஈரலோடு நின்றுவிடுவதில்லை. ஆணின் விதைகளுக்கான கட்டளை மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து போகிறது. நாட்பட்ட குடி அதைக் குழப்பும். விதையில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் கலங்களையும் நேரே தாக்கும். ஈரல் கெட்டால் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜன் மிஞ்சும். சிலருக்கு மார்பு பருத்து விதை சுருங்கும். குடித்தால் ஆண்மை கூடும் என்று தவறணை வாசலில் இளைஞர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. விறைப்பு இல்லாமல் போவதுதான் நெடுநாள் குடித்தவர்கள் பலரின் கதை, வெளியே சொல்லமாட்டார்கள்.

குடி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவரும் ஒன்றாகப் போங்கள் என்கிறேன்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் வேண்டும். ஆகவே குடியை விட்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். பலருக்குத் தேறும். ஆனால் நெடுநாள் குடித்தவர் வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கமும் வலிப்பும் வரலாம். மச்சானும் அப்படிக் கேட்டுத்தான் நிறுத்தினான். ஐந்தாவது மாதப் பரிசோதனையில் அசைவு கூடியிருக்கிறது. பிள்ளை இன்னும் இல்லை.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்கப் போன மச்சாளை மறித்தார்கள். மச்சான் எழுந்து, "குறை என்னில்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அவன் சொன்ன பிறகுதான் இதை எழுத எனக்குத் துணிவு வந்தது.